லேசர் நாலு சிட்டிங் முடிஞ்சிருச்சு, தழும்பு நெசமாவே குறைஞ்சிருக்கா? அளந்து பாக்க வழி இருக்கா?

திருமங்கலத்துத் தம்பி

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்ப கேக்க ஒரு விசயம் இருக்கு, கொஞ்சம் நீளமா போகும் கோவிச்சுக்காதீங்க.

எங்க அக்கா திருமங்கலத்துல சாயங்காலக் கடை போட்டிருக்கு, வடை பஜ்ஜி போண்டா. போன ஆவணில எண்ணெய்ச் சட்டி சரிஞ்சு வலது கையில கொட்டிருச்சு. மணிக்கட்டுல இருந்து முழங்கை மடிப்ப தாண்டி மேல நாலு விரக்கடை வரைக்கும். பதட்டத்துல பக்கத்துல நின்னவங்க பஜ்ஜி மாவையே அள்ளி அப்பிட்டாங்க. புண்ணு ஆற ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, ஆறுன பெறகு தான் வினையே, தோலு தடிச்சு கயித்த முறுக்கி வச்ச மாதிரி எந்திரிச்சு நிக்குது, ராத்திரி பூரா அரிப்பு, தூக்கம் கிடையாது.

மதுரையில ஒரு கிளினிக்ல மார்கழில இருந்து லேசர் பண்றோம். ஒரு சிட்டிங் 7000, ஆறு சிட்டிங் பேக்கேஜு, மொத்தக் காசையும் முன்னாடியே கட்டியாச்சு. முன்கை மட்டும் ஒரு ஏரியாவாம், முழங்கைக்கு மேல இருக்குற துண்டு இன்னொரு ஏரியாவாம், அதுக்குத் தனி பில்லாம். கையில காசு இல்ல, அத அப்படியே விட்டுட்டோம். நாலு முடிஞ்சிருச்சு. போன வாரம் போனப்ப டேப்லெட்ல முந்துன போட்டோ இப்ப எடுத்த போட்டோ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டி 60 சதவீதம் இம்ப்ரூவ்மெண்ட்னு சொன்னாங்க. எதுல 60னு கேட்டேன், ஓவராலானு சொல்லிட்டாங்க. அக்காவுக்கு குறைஞ்ச மாதிரியும் இருக்காம் குறையாத மாதிரியும் இருக்காம். அம்மா ஒரு மாத்தமும் இல்லங்குது. ரத்தத்துல சுகர் பாக்குற மாதிரி தழும்ப அளக்க எதுவும் இருக்கா? சதையெல்லாம் வெட்டி எடுத்து டெஸ்ட் பண்ண அக்கா ஒத்துக்காது.

லந்து பார்ட்டி

60 சதவீதம் குறைஞ்சது உங்க பேங்க் பேலன்ஸா இருக்கும் தம்பி.

சிம்மக்கல் ஸ்டூடியோ

தம்பி, நான் 22 வருசமா போட்டோ எடுக்குறவன், டாக்டர் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அந்த ரெண்டு போட்டோவையும் உத்துப் பாத்தீங்களா? முதல் போட்டோல தழும்போட ஒரு பக்கத்துல மட்டும் நெழல் விழுந்திருக்கா?

திருமங்கலத்துத் தம்பி

ஆமாண்ணே, எப்படிண்ணே சொன்னீங்க. முதல் போட்டோ ஜன்னல் பக்கத்துல எடுத்தது, ஒவ்வொரு மேட்டுக்கும் கீழ கருப்பா நெழல் இருக்கு. புதுசுல கை பளிச்சுன்னு இருக்கு, வட்டமா லைட்டு வச்சு எடுத்தாங்க.

சிம்மக்கல் ஸ்டூடியோ

அம்புட்டுதான். சைடுல இருந்து வெளிச்சம் வந்தா சுவத்துல இருக்குற சின்ன பொடிக்கல்லு கூட மலை மாதிரி தெரியும், நேரா முன்னாடி இருந்து அடிச்சா அம்மி கொத்துன கல்லு கூட வழவழன்னு தெரியும். கல்யாணப் பொண்ணுக்கு பரு இருந்தா நாங்க செய்யிற வேலையே அதான். இதுல போனு வேற தானா தோல மழுப்பிக் குடுக்கும். அவங்க ஏமாத்துறாங்கனு சொல்ல வரல, தெரியாமயும் நடக்கும். ஆனா அந்த ரெண்டு படத்த வச்சு மேடு குறைஞ்சிருக்குனு சத்தியமா சொல்ல முடியாது.

இனிமே நீங்களே எடுங்க. ஒரே எடம், ஒரே நேரம், ஒரே லைட்டு, போன ஸ்டாண்டுல வச்சு ஒரே தூரம். பக்கத்துல ஒரு ஸ்கேலும் ஒரு வெள்ளைத் தாளும் வைங்க. தாளு எல்லாப் படத்துலயும் ஒரே வெள்ளையா தெரியுதானு பாத்தா கலர் ஏமாத்துதா இல்லையானு தெரிஞ்சு போகும். சைடு லைட்ல ஒண்ணு, நேர் லைட்ல ஒண்ணு, ரெண்டும் வேணும்.

வைகைக்கரை பிசியோ

நான் தீக்காய வார்டுல எட்டு வருசம் பிசியோவா இருந்தவ. மொதல்ல திட்டிக்கிறேன், மாவு, பேஸ்ட்டு, இங்க்கு எதையும் அப்பாதீங்கப்பா. ஓடுற குழாத் தண்ணில 20 நிமிசம் கைய வைக்கணும், வேற ஒண்ணும் வேணாம். சரி அது போனது போகட்டும்.

தழும்புக்கு ஸ்கோர் உண்டு தம்பி. வான்கூவர் ஸ்கேல்னு ஒண்ணு, 1990ல கனடாவுல வந்தது, நாங்க தெனமும் போடுறது. ரத்த ஓட்டம், நிறம், வளையிற தன்மை, உயரம்னு நாலு விசயத்துக்கு மார்க், எல்லாம் கூட்டி 0ல இருந்து 13. மார்க்கு கூடக்கூட தழும்பு மோசம். அக்காவுக்கு லேசர் ஆரம்பிக்கிறதுக்கு முன்ன யாராச்சும் இத போட்டாங்களானு கேளுங்க. போட்டிருந்தா 60ங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கும்.

ஆனா அந்த ஸ்கேலோட வண்டவாளத்தையும் சொல்லணும்ல. ரத்த ஓட்டத்துக்கு சாதா, பிங்க், செவப்பு, ஊதானு நாலு படி. நம்மூர்க் கறுப்புத் தோலுல பிங்க் எங்க இருந்து தெரியும்? நான் ஒரு மார்க் போடுவேன், ட்யூட்டி மாறி வர்ற பொண்ணு வேற மார்க் போடும். அரிப்புக்கும் வலிக்கும் அதுல எடமே கிடையாது. பேசண்டு ராத்திரி பூரா சொறிஞ்சுட்டு வந்து உக்காந்திருக்கும், நாங்க உயரம் குறைஞ்சிருக்குனு நல்ல மார்க் போட்டு அனுப்புவோம். பெறகு 2004ல நெதர்லாந்துக்காரங்க போசாஸ்னு கொண்டாந்தாங்க, அதுல டாக்டர் ஒரு தாள், பேசண்டு ஒரு தாள், பேசண்டு தாளுல அரிப்பு வலி கலர் விறைப்பு தடிமன் மேடுபள்ளம் ஆறுக்கும் 1ல இருந்து 10 மார்க். அக்காவ இத போடச் சொல்லுங்க, காசில்லாத வேலை.

பாலமேட்டு மாடுபிடி

நம்ம கதையையும் கேட்டுக்கங்க. எனக்கு நெஞ்சுல கொம்பு கிழிச்ச தழும்பு, கிழிஞ்சது ரெண்டு இஞ்சு, தழும்பு வளந்தது நாலு இஞ்சு. கீலாய்டுன்னாங்க. கிழிஞ்ச எல்லைய தாண்டி வளந்தா கீலாய்டு, எல்லைக்குள்ளயே தடிச்சு நின்னா வேற பேராம், அது தானா பைய அமுங்குமாம் இது அமுங்காதாம். டிரையாம்சினலோன்னு ஸ்டீராய்டு ஊசி மாசம் ஒண்ணு, அஞ்சு போட்டேன். மேடு அமுங்கிருச்சு, எல்லாருக்கும் சந்தோசம், டாக்டரும் கைகுடுத்தாரு. ஆனா சுத்தி தோலு வெள்ளையா திட்டுத் திட்டா ஆகி நரம்பு தெரியிற அளவுக்கு மெலிஞ்சு போச்சு. உயரத்த மட்டும் அளந்தா நான் பாஸு, கண்ணாடில பாத்தா ஃபெயிலு. அடுத்த பொங்கலுக்குள்ள ஒரு ஓரத்துல திரும்ப எந்திரிச்சிருச்சு வேற. அதனால மூணு மாசத்துல அளந்து வெற்றினு சொல்றவன நம்பாதீங்க, ஒரு வருசமாவது போகணும்.

ரப்பர் கம்பெனி கியூசி

சுவாரசியமா இருக்கே. நான் ரப்பர் பாகம் செய்யிற கம்பெனில குவாலிட்டில இருக்கேன், எங்களுக்கு அளவுனா உசுரு. பிசியோ மேடம் சொன்னாங்கல்ல, நான் ஒரு மார்க் போடுவேன் அந்தப் பொண்ணு ஒரு மார்க் போடும்னு, அதுக்கு எங்ககிட்ட ஒரு வைத்தியம் இருக்கு. புதுசா ஒரு கேஜ், அதான் அளக்குற கருவி, வாங்குனா உடனே பீஸ அளக்க மாட்டோம், மொதல்ல கேஜையே அளப்போம். பத்து பீஸு, மூணு ஆப்பரேட்டரு, ஆளுக்கு மூணு தடவ. ஒரே ஆளு ஒரே பீஸ மூணு தடவ அளந்தா எம்புட்டு வித்தியாசம் வருது, ஆளு மாறுனா எம்புட்டு வருது. அந்த ஆட்டத்துக்குள்ள அடங்குற மாத்தம் மாத்தமே இல்ல. தழும்பு 0.2 மில்லிமீட்டர் குறைஞ்சிருச்சுனு ஒருத்தர் சொன்னா நான் கேக்குற மொத கேள்வி உங்க கேஜோட ஆட்டம் எம்புட்டு.

இன்னொண்ணு, ரப்பர் எம்புட்டு கெட்டினு பாக்க நாங்க டூரோமீட்டர் வச்சிருக்கோம், சின்ன ஊசி முனைய அமுக்குனா எண்ணு காட்டும். அதையே தழும்புக்கும் வைக்கலாம்ல?

தோல்வெளிச்சம்

வைக்கிறாங்கண்ணே, நெசமாவே. தோல் இறுகுற நோய்க்கும் தழும்புக்கும் டூரோமீட்டர வச்சு அளந்திருக்காங்க.

நான் செல்லூர்ப் பொண்ணு, இப்ப வெளியூர்ல தோலுக்கான ஒளிப்பட ஆராய்ச்சில இருக்கேன், இந்த இழைய பாத்துட்டு சும்மா போக முடியல, நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க. தோல வெட்டாம குத்தாம தழும்ப அளக்க இப்ப நெறைய வழி இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் ஒரு விசயத்த மட்டும் தான் பாக்கும். ஓவரால்னு எந்த மெஷினும் காட்டாது.

தடிமனுக்கு அல்ட்ராசவுண்டு. தோலுக்குனே இருக்குறது 20 மெகாஹெர்ட்ஸ், சில மில்லிமீட்டர் ஆழம் தெளிவா தெரியும். நல்ல தோலு படத்துல வெளிச்சமா மினுக்கும், தடிச்ச தழும்பு கருப்பா தெரியும், அதனால எங்க முடியுதுனு கோடு போட்டு அளக்கலாம். வளையிற தன்மைக்கு கியூட்டோமீட்டர், 2 மில்லிமீட்டர் ஓட்டை வழியா தோல உறிஞ்சிட்டு விடும், எம்புட்டு மேல வந்துச்சு எம்புட்டு திரும்பிப் போச்சுனு பாக்கும், நல்ல தோலு ரப்பர் பேண்டு மாதிரி திரும்பும், தழும்பு மொரண்டு பிடிக்கும். மேடுபள்ளத்துக்கு முப்பரிமாண கேமரா, கன அளவே சொல்லும். கலருக்கு கலர்மீட்டர், வெளுப்பு ஒரு எண்ணு, செவப்பு ஒரு எண்ணு, மஞ்சள் ஒரு எண்ணுனு பிரிச்சுக் குடுக்கும். கறுப்புத் தோலுல இங்கயும் சிக்கல் இருக்கு, தோலுக்கு நிறம் குடுக்குற மெலனின் நெறைய வெளிச்சத்த குடிச்சிரும், அதனால செவப்பு எண்ணுக்குள்ள கறுப்பும் கலந்து வரும். பக்கத்துல இருக்குற நல்ல தோலையும் அளந்து கழிச்சுப் பாத்தாதான் அர்த்தம்.

பெறகு ஓசிடி, ஆப்டிக்கல் கோஹரன்ஸ் டோமோகிராபினு பேரு. கண்ணாஸ்பத்திரிக்குப் போனா தாடைய வச்சு உள்ள பச்சையா ஏதோ பாக்கச் சொல்வாங்கல்ல, விழித்திரைய அடுக்கு அடுக்கா படம் எடுக்குமே, அதே தான். 1991ல வந்த நுட்பம். ஒலிக்குப் பதிலா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிய அனுப்பி திரும்பி வர்றத வச்சு படம் போடும். ரத்தக் குழாய்ல ஓட்டம் இருக்குறதால அந்த எடம் மட்டும் படத்துக்குப் படம் மாறும், அத வச்சு ஊசி மருந்து எதுவும் போடாமயே தழும்புக்குள்ள ஓடுற குழாய எல்லாம் வலை மாதிரி காட்டலாம். துடிப்பா வளந்துக்கிட்டிருக்குற தழும்புல குழாய் நெறைய இருக்கும், ஆறி அடங்குனதுல குறையும்.

லந்து பார்ட்டி

அப்ப அக்காவ அரவிந்து கண்ணாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி கண்ணு வைக்கிற எடத்துல கைய வைக்கச் சொல்லுவோமா? 1976ல 11 பெட்டோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, கைக்கும் ஒரு பெட்டு போட மாட்டாங்களா.

தோல்வெளிச்சம்

கைய வச்சாலும் வேலைக்கு ஆகாதுங்க. கண்ணு கண்ணாடி மாதிரி, ஒளி நேரா உள்ள போகும். தோலு பால் மாதிரி, ஒளி உள்ள போன உடனே சிதறிப் போகும். அதனால விழித்திரைக்கு ஒளியோட அலைநீளத்த பெரும்பாலும் 840 நானோமீட்டர் பக்கம் வைப்பாங்க, தோலுக்கு 1300 பக்கம், அதுலயும் 1ல இருந்து 2 மில்லிமீட்டர் ஆழம் தான் தெரியும். அக்காவோட தழும்பு 3, 4 மில்லிமீட்டர் இருந்தா ஓசிடி மேல் மாடிய மட்டும் தான் பாக்கும், கீழ் வீட்ல என்ன நடக்குதுனு தெரியாது. உங்களுக்கு அல்ட்ராசவுண்டு தான் சரி. 20 மெகாஹெர்ட்ஸ் மெஷினத் தேடி அலைய வேணாம், தைராய்டு பாக்குறப்ப கழுத்துல வைக்கிற சாதாரண லீனியர் புரோபே போதும், கொஞ்சம் மங்கலா இருக்கும் அவ்வளவுதான்.

அவனியாபுரத்து அப்பா

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். தீபாவளிக்கு என் மகனுக்கு புஸ்வாணம் வெடிச்சு காலுல காயம் பட்டப்ப மூணாம் நாளு ஒரு எடத்துல லேசர் வச்சு ஸ்கேன் பண்ணாங்க, காலத் தொடவே இல்ல, கலர் கலரா படம் வந்துச்சு. அது இதுல எது?

வைகைக்கரை பிசியோ

அது லேசர் டாப்ளர் சார். புண்ணுக்கு அடியில ரத்தம் ஓடுதானு பாக்குறது. பட்ட ரெண்டாம் நாளுல இருந்து அஞ்சாம் நாளுக்குள்ள பாத்தா புண்ணு தானா ஆறுமா, தோலு ஒட்டணுமானு சொல்லலாம். மூணு வாரத்துக்கு மேல ஆறாம கெடந்தா தழும்பு தடிக்கிற வாய்ப்பு கூடிரும், அதான் அந்த அவசரம். தம்பியோட அக்காவுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆயிருக்கு, தடிச்சதுல ஆச்சரியமே இல்ல. மகன் எப்படி இருக்கான்?

அவனியாபுரத்து அப்பா

கிரிக்கெட் ஆடிட்டுத் திரியிறான் மேடம். மூணு வாரத்துக்குள்ள ஆறிருச்சு.

தோல்வெளிச்சம்

தம்பி, ஒண்ண விட்டுட்டேன், இதான் முக்கியமே. தடிச்ச தீக்காயத் தழும்பு எதுவும் பண்ணலைனாலும் தானா மாறும். முதல் ஆறு மாசம் ஏறும், பெறகு ஒரு வருசம் ஒன்றரை வருசத்துல பைய இறங்கும், சிலருக்கு ரெண்டு வருசம் ஆகும். அக்கா லேசர் ஆரம்பிச்சது நாலாவது மாசம், தழும்பு உச்சத்துக்கு ஏறிக்கிட்டிருந்த நேரம். அந்த நேரத்துல எத ஆரம்பிச்சாலும் கொஞ்ச நாள்ல நல்லாத்தான் தெரியும், லேசரா இருந்தாலும் சரி வேப்பெண்ணெயா இருந்தாலும் சரி. அதனால முன்ன பின்ன ரெண்டையும் மட்டும் ஒப்பிட்டா ஒண்ணும் தெரியாது, வைத்தியம் பண்ணாத தழும்பு ஒண்ணு பக்கத்துல வேணும். ஆராய்ச்சில ஒரே தழும்புல பாதிக்கு பண்ணி பாதிய விட்டுருவாங்க. ஆளு ஒண்ணு, தோலு ஒண்ணு, சாப்பாடு ஒண்ணு, வயசு ஒண்ணு.

உங்ககிட்ட அது இருக்கு. காசில்லாம விட்டீங்கள்ல முழங்கைக்கு மேல ஒரு துண்டு. அத அளங்க.

ரப்பர் கம்பெனி கியூசி

அடேங்கப்பா. கண்ட்ரோல் பீஸு, அதான் ஒப்பிட்டுப் பாக்க எதுவும் பண்ணாம விடுறது, சும்மா கையிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. தனி பில்லு போட்ட புண்ணியவான் வாழ்க.

வைகைக்கரை பிசியோ

கண்ட்ரோல்னு ஒரேயடியா துள்ளாதீங்க. மூட்டுப் பக்கம் இருக்குற தழும்பு கைய நீட்டி மடக்கும் போதெல்லாம் இழுபடும், இழுபடுற தழும்பு தடிக்கத்தான் செய்யும். முன்கையோட சரிக்குச் சரி ஒப்பிட முடியாது. லேசர் பட்ட எடம் நல்லா இருந்தாலும் அது லேசரால தானா, இழுப்பு இல்லாததால தானானு கேள்வி நிக்கும்.

தோல்வெளிச்சம்

மேடம் சொல்றது நூத்துக்கு நூறு சரி. அதனால ரெண்டும் எம்புட்டு இருக்குனு ஒப்பிடாதீங்க, இப்ப இருந்து ஒவ்வொண்ணும் எம்புட்டு மாறுதுனு ஒப்பிடுங்க. அப்பவும் முழு நியாயம் கிடையாது, இருக்குறதுல நல்ல வழி. தழும்பு மேல ஒட்டுற சிலிக்கோன் ஷீட்டு, எண்ணெய் எது போட்டாலும் ரெண்டு எடத்துக்கும் ஒரே மாதிரி போடச் சொல்லுங்க.

அளக்கப் போறப்ப சித்திரை வெயில்ல பஸ்ல வந்து எறங்குன உடனே படுக்க வைக்காதீங்க. ஏசி ரூம்ல 20 நிமிசம் கைய இதய மட்டத்துல வச்சு சும்மா உக்காரணும், இல்லைனா சூட்டுக்கே தழும்பு செவந்து உப்பி நிக்கும். ஸ்கேன் பண்றவங்ககிட்ட ஜெல்ல தாராளமா கொட்டச் சொல்லுங்க, புரோப் தோல அமுக்கவே கூடாது ஜெல்லு மேல மிதக்கணும், அமுக்குனா தழும்பு அங்கயே மெலிஞ்சிரும். கலர்மீட்டரும் அப்படித்தான், அழுத்துனா ரத்தம் ஒதுங்கி செவப்பே காணாம போயிரும். எடத்த மறக்காம இருக்க ஓஎச்பி ஷீட்ட, அதான் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியிற பிளாஸ்டிக் தாள, தழும்பு மேல வச்சு ஓரத்த வரைஞ்சு, பக்கத்துல இருக்குற மச்சம் ரெண்ட புள்ளி வச்சு, அளக்குற எடத்துல ஓட்டை போட்டு வச்சுக்கங்க. அடுத்த தடவ மச்சத்துக்கு மச்சம் பொருத்தி அதே ஓட்டையில அளக்கலாம்.

திருமங்கலத்துத் தம்பி

கை எடுத்துக் கும்பிடறேன். மச்சம் ரெண்டு இருக்கு, மணிக்கட்டுல ஒண்ணு முழங்கை உள்பக்கம் ஒண்ணு. இன்னும் ரெண்டு சிட்டிங் பாக்கி, காசு கட்டியாச்சு, போகாம விட மாட்டோம். அதுக்கு முன்ன ஒரு தடவ, முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு ஒரு தடவ அளந்துட்டு வர்றேன்.

பாலமேட்டு மாடுபிடி

வர்றேன்னு சொல்லிட்டுப் போறவன் எவன்டா வந்திருக்கான் இந்தக் களத்துல.

திருமங்கலத்துத் தம்பி (அஞ்சு மாசம் கழிச்சு)

வந்துட்டேண்ணே. கத சொல்றேன்.

எங்கூர் ஸ்கேன் சென்டர்ல கேட்டப்ப சிரிச்சாங்க, தழும்புக்கெல்லாம் யாருய்யா ஸ்கேன் எடுப்பானு. கூட்டம் இல்லாத மத்தியானமா வாங்கனு அந்த டாக்டரம்மா வரச்சொன்னாங்க. ஓஎச்பி ஷீட்ட பாத்துட்டு அவங்களுக்கே ஆர்வம் வந்துருச்சு. கியூசி அண்ணன் சொன்ன மாதிரி ஒவ்வொரு ஓட்டையிலயும் மூணு தடவ, ஒவ்வொரு தடவையும் புரோப எடுத்துட்டு திரும்ப வச்சு, முந்துன எண்ண மறைச்சு வச்சு அளந்தாங்க. ஒரே எடத்துல 3.2, 3.5, 3.4னு வந்துச்சு. அப்ப ஆட்டம் 0.3னு குறிச்சுக்கிட்டோம்.

சித்திரையில: லேசர் பட்ட முன்கை சராசரி 3.4 மில்லிமீட்டர், படாத மேல் துண்டு 3.8, இடது கையில அதே எடத்து நல்ல தோலு 1.3. சிலிக்கோன் ரெண்டு எடத்துக்கும் ஒண்ணா போட்டோம். இந்த ஆவணில, ஆறு சிட்டிங்கும் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு: முன்கை 2.7, மேல் துண்டு 3.2. அதாவது 0.7 குறைஞ்சிருக்கு, அங்க 0.6 குறைஞ்சிருக்கு.

ரப்பர் கம்பெனி கியூசி

ஆட்டம் 0.3ன்னா 0.7க்கும் 0.6க்கும் வித்தியாசமே கிடையாது. ரெண்டும் இறங்கியிருக்கு அது நெசம், லேசரால தான் இறங்குச்சுனு இந்த எண்ண வச்சு சொல்ல முடியாது.

லந்து பார்ட்டி

42,000 ரூவாய்க்கு 0.1 மில்லிமீட்டர். தங்கத்த விட வெலை கூடப்பா.

திருமங்கலத்துத் தம்பி

இருங்க இருங்க, நானும் அப்படித்தான் கொதிச்சுப் போயி கிளினிக்குக்கு சண்டைக்கு கிளம்புனேன். அக்கா தான் பேப்பர நீட்டுச்சு, பிசியோ அக்கா சொன்ன தாளு, வாராவாரம் ரெண்டு எடத்துக்கும் தனித்தனியா மார்க் போட்டு வச்சிருக்கு, கடைக் கணக்கு நோட்டுலயே பின்னாடி பக்கத்துல. சித்திரையில அரிப்பு ரெண்டு எடத்துலயும் 7. இப்ப முன்கையில 2, மேல் துண்டுல 5. விறைப்பு முன்கையில 8ல இருந்து 4, மேல 8ல இருந்து 7. ஸ்டூடியோ அண்ணன் சொன்ன மாதிரி எடுத்த போட்டோவ தேதிய மறைச்சு கலைச்சுப் போட்டு எங்க அத்தைகிட்ட எது பழசு எது புதுசுனு கேட்டேன், முன்கைய சரியா பிரிச்சுச்சு, மேல் துண்ட தப்பா பிரிச்சுச்சு. அத்தைக்கு கண்ணு ஆபரேசன் ஆயிருக்கு, அதையும் சொல்லிடறேன்.

தோல்வெளிச்சம்

எனக்கு இதப் படிச்சு சிரிப்பும் வருது பெருமையாவும் இருக்கு. எங்க லேப்ல கூட இம்புட்டு சுத்தமா பண்ண மாட்டோம்.

அவங்க வச்சது கார்பன் டை ஆக்சைடு லேசரா இருந்தா, பில்லுல பாருங்க, அது தழும்புல மயிரிழை மாதிரி ஓட்டை ஓட்டையா போடுறது. விறைப்பும் அரிப்பும் குறையும்னு தான் நெறைய பேரு அத வைக்கிறாங்க, தடிமன் குறையிறது அந்த அளவுக்கு இல்ல. நாம அளந்தது தடிமன், அது வேலை செஞ்சது வேற எடத்துல. ஆனா அக்காவுக்கு எந்தப் பக்கம் லேசர் பட்டுச்சுனு தெரியும், மார்க் போடும் போது மனசு சாயும், அதையும் நெனப்புல வைங்க. விறைப்ப கியூட்டோமீட்டர் வச்சு அளந்திருந்தா அந்த சந்தேகம் இருக்காது. மூட்டு இழுப்பு வேற இருக்கு.

வைகைக்கரை பிசியோ

மனசு சாயும் தான், ஆனா ராத்திரி தூக்கம் சாயாதும்மா. தம்பி, அக்கா எத்தன தடவ முழிக்குதுனு கேட்டுச் சொல்லு. முழங்கை முழுசா நீளுதா?

திருமங்கலத்துத் தம்பி

அக்காவே டைப் பண்ணுதாம், போன குடுக்கறேன்.

வணக்கம் நான் அக்கா பேசறேன். தம்பி எழுதுன நம்பரெல்லாம் எனக்கு விளங்காது. ராத்திரி இப்ப ஒரு தடவ முழிப்பு வருது, முன்ன விடிய விடிய முழிச்சு கெடப்பேன். முழங்கை கடைசில ஒரு சாண் நீள மாட்டேங்குது மேல் துண்டு பிடிச்சு இழுக்குது. சட்டிகிட்ட நின்னா முன்கை சும்மா இருக்கு அந்தத் துண்டு மட்டும் நெருப்பு பட்டா தீ எரும்பு கடிச்ச மாதிரி இருக்கு. அதுக்கு லேசர் வைக்க 24,000 கேக்குறாங்க. அதுக்கு முன்ன வேற எதுவும் வழி இருக்கா சொல்லுங்க.

வைகைக்கரை பிசியோ

இருக்கும்மா. ஒரு சாண் நீளலைன்னா அதுக்கு லேசர் கேள்வியே ரெண்டாவது தான். ராத்திரிக்கு கைய நீட்டி வைக்கிற ஸ்பிளிண்டு, அளவெடுத்து தைக்கிற பிரஷர் கை உறை, பெரியாஸ்பத்திரி பிளாஸ்டிக் சர்ஜரி ஓபில காட்டுங்க. உறைய ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போடணும், நம்மூர் வெயில்ல கஷ்டம் தான், சட்டிகிட்ட நிக்கிற உங்களுக்கு இன்னும் கஷ்டம். கடை நேரத்துல மட்டும் கழட்டிட்டு தளர்வான பருத்தி முழுக்கைச் சட்ட போட்டுக்கங்க. அந்த ஓஎச்பி ஷீட்ட தூரப் போட்டுறாதீங்க, போகும் போது கையோட கொண்டு போங்க.